என் மகள் வாய்க்கு ஒரு பிளான்

அந்தப் பல் டாக்டரை எனக்குப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எங்கள் பலசரக்குக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வரும் பழைய பத்திரிகைகளை, மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுவேன். அதில் எழுத்து கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த வசதிக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கடைசி மகளுக்கு வரன் வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். அவர் கடலில் இருந்ததால், அவருடைய அம்மா உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து காரில் வந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். என் மகள் காபி கொண்டுபோனாள். அந்த அம்மா காபியைக் கையில் வாங்கியதும் குடிக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். முகத்தை என்று அன்று நினைத்தேன். வாயைப் பார்த்திருக்கிறார்.

என் மகளுக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் நேராக நிற்காது. ஒன்று மற்றதன் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். வலது பக்கம் ஒரு தெத்துப்பல். வாய்விட்டுச் சிரித்தால் ஈறு தெரியும். அவள் எப்போதும் வாய்விட்டுத்தான் சிரிப்பாள். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏஜென்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். அங்கே அவள் சிரித்தால் வெளியே நிற்கிற லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பான் என்று அவளே சொல்லுவாள். அந்தப் பல்லில் ஒரு சொத்தை கிடையாது. முறுக்கை உடைக்கும். பனங்கிழங்கை நாரோடு இழுத்துக் கடிக்கும். பல்லுக்கு இதைவிட வேறு என்ன வேலை என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"பிள்ளை லட்சணமாத்தான் இருக்கா மதினி" என்றார் அந்த அம்மா, என்னைப் பார்த்து. "அந்தப் பல்லு ஒண்ணுதான். அதையும் சரி பண்ணிட்டா கண்ணு பட்டுரும்."

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "அதுக்கென்ன, பண்ணிருவோம். இப்பதான் எல்லாத்துக்கும் டாக்டர் வந்தாச்சே."

"நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம் அண்ணாச்சி. எங்க அண்ணன் மகன் பல் டாக்டராக்கும். டவுன்லதான் வச்சிருக்கான். போன வருசம் எங்க பொம்பளப்பிள்ளைக்கும் கல்யாணத்துக்கு முன்னால அவன்தான் செஞ்சு கொடுத்தான். நம்ம பையன், ஒரு பைசா கேக்க மாட்டான்."

எனக்கு உள்ளே எரிந்தது. மாடு வாங்க வருகிறவன்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். அதைச் சொல்ல வாய் வரை வந்து, அங்கேயே தங்கிவிட்டது. நான் எவர்சில்வர் தட்டில் இருந்த முந்திரி மக்ரூனை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் ஒன்று எடுத்துக் கடித்தார். கரையட்டும், கரைந்து அடித்தொண்டையில் ஒட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு மகளிடம் கேட்டேன்.

"ஏளா, ஒனக்கு இது சம்மதமா?"

"எதும்மா? மாப்பிள்ளையா, பல்லா?"

"பல்லு."

"எம்மா, பள்ளிக்கூடத்துல என்னைய என்ன சொல்லிக் கூப்பிட்டானுவன்னு ஒனக்குத் தெரியுமா? சரி பண்ணினா எனக்குத்தான நல்லது. நீ சும்மா இரி."

நான் சும்மா இருந்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

டாக்டருடைய இடம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. வாசல் கண்ணாடியில் பெரிய சிப்பி ஒன்று வாய் பிளந்திருக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். உள்ளே முத்துக்குப் பதில் பல் வரிசை. இந்தக் கடற்கரையில் எவன் கடை திறந்தாலும் சிப்பி வரையாமல் விடமாட்டான், சரி. ஆனால் சிப்பிக்குப் பல் வைத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையை நீட்டினால் கடித்துவிடும் போலிருந்தது.

டாக்டர் சின்ன வயசு. முடியைச் சீவிச் சாய்த்து, வெள்ளைப் பல்லோடு வந்தார். அவர் பல்லைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம், அதுவும் வைத்ததோ என்று. அவர் சிரிப்பு வந்த இடத்திலேயே நின்றது. கண்ணுக்குப் போகவில்லை.

"அம்மா, நீங்க வெளிய வெயிட் பண்ணலாமே" என்றார்.

எனக்கு எழுந்து போகவும் கூச்சம், இருக்கவும் கூச்சம். கூச்சப்படுகிறவர்கள் இடத்தை விட்டு நகரவும் மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது. மூலையில் கிடந்த ஸ்டூலில் அப்படியே இருந்துவிட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

முதலில் போட்டோ எடுத்தார். உதடு சேர்ந்திருக்கும்போது ஒன்று, லேசாகத் திறந்திருக்கும்போது ஒன்று, சிரிக்கும்போது ஒன்று, அதையே இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவ்வியை வாய்க்குள் விட்டு, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து மாட்டினார். என் பிள்ளையின் முகம் போய், ஏலத்துக்கு வந்த களவா மீன் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோலத்தில் அவளைப் படம் எடுத்தார். பெற்றவள் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு யாருக்கும் இல்லை.

கவ்வியைக் கழற்றிவிட்டு, "இப்ப நல்லா சிரிங்க" என்றார்.

அவள் சிரித்தாள்.

"இது போட்டோ சிரிப்பு. உங்க நிஜச் சிரிப்பு வேணும்."

"நிஜமா சிரிக்கணும்னா நீங்க ஏதாச்சும் சொல்லணும்லா டாக்டர்" என்றாள் என் மகள்.

அவர் கேமராவைச் சரிசெய்தார். உதவிக்கு நின்ற பெண்தான், "டாக்டர் நேத்து அவரு பைக் சாவிய ஃப்ரிட்ஜுல வச்சிட்டுத் தேடுனாவ" என்றாள். என் மகள் ஈறு தெரியச் சிரித்தாள். டாக்டர் அதை வீடியோ எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் எது எது தப்பு என்று காட்டுவதற்காக.

காட்டினார். சுவரில் மாட்டிய பெரிய டிவியில் என் மகள் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. அதன்மேல் கோடு போட்டார். இரண்டு கண்ணையும் சேர்த்து ஒரு படுக்கைக் கோடு. மூக்கு நுனியிலிருந்து தாடை வரை ஒரு செங்குத்துக் கோடு. நடுப்பல் இரண்டும் சேருகிற இடம் இந்தக் கோட்டில் விழ வேண்டுமாம், விழவில்லையாம். பேசாமல் உதட்டைத் தளர விட்டால் மேல்பல் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு கணக்கு. வயதானால் உதடு தொங்கிப் பல் மறைந்துவிடுமாம், அதனால் பல் கொஞ்சம் தெரிந்தால்தான் இளமையாம். மேல்பல் நுனியெல்லாம் சேர்ந்து கீழுதட்டின் வளைவோடு வளைய வேண்டுமாம். ஈறு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமாம், ஒரு பக்கம் ஏறினால் லேசரால் சீவிவிடலாமாம். சிரிக்கும்போது வாயோரம் இருட்டாகத் தெரியக் கூடாதாம். பெண்களுக்குப் பல் முனை கொஞ்சம் உருண்டிருக்க வேண்டுமாம், சதுரமாக இருந்தால் ஆம்பளைக் களையாம்.

வீட்டுக்குப் பிளான் போடுகிறவன் கூட வடக்கு எது தெற்கு எது என்று மண்ணில் நின்று பார்ப்பான். இவர் என் பிள்ளை முகத்தில் நின்றுகொண்டு, கண் எங்கே இருக்கிறது என்று டிவியில் தேடினார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது. மேல்வரிசையில் முன்பல் எட்டுக்கும் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டுவார். ஓடு உட்கார இடம் வேண்டும். அதற்காகப் பல்லின் மேல்தோலைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

"தேய்ச்சா வலிக்குமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"ஊசி போட்டுருவோம், தெரியாது."

"பிறகு இந்த ஓடு வேண்டாம்னா எடுத்துரலாமா?"

அவர் கையுறையைக் கழற்றினார். "எடுக்க முடியாதும்மா. தேய்ச்ச எனாமல் திரும்ப வளராது. ஓடு தேய்ஞ்சா, உடைஞ்சா, வேற ஓடு மாத்திக்கலாம். வாழ்நாள் முழுக்க ஓடு இருந்துகிட்டே இருக்கணும். முறுக்கு, கரும்பு, பனங்கிழங்கு இதெல்லாம் முன்பல்லால நேரா கடிக்காம பாத்துக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். நோய் இல்லாத எட்டுப் பல்லைச் சுரண்டிவிட்டு, அவ்வளவுதான் என்கிறார். நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என் முகத்தில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த தடவை போகும்போது என் வீட்டுக்காரரும் வந்தார். தேய்ப்பதற்கு முன்னால், வரப்போகிற சிரிப்பை வாயிலேயே மாட்டிக் காட்டுவார்களாம். கம்ப்யூட்டரில் போட்ட பிளானை வைத்து அச்சு ஒன்று செய்து, அதில் பசை மாதிரி ஒன்றை நிரப்பி, தேய்க்காத பல்லின் மேலேயே அமுக்கிப் பிடித்தார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் இறுகியது. ஓரத்தில் பிதுங்கியதை எல்லாம் சுரண்டி எடுத்தார்.

"இப்ப பேசிப் பாருங்க. ஃபிஃப்டி ஃபைவ், ஃபிஃப்டி ஃபைவ்னு சொல்லுங்க. மேல்பல் நுனி கீழுதட்டுல எங்க தொடுதுன்னு நான் பாக்கணும்."

மகள் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரரும் நாற்காலியில் இருந்தபடியே "பிப்டி பைப், பிப்டி பைப்" என்று உதட்டை அசைத்தார். அவருக்கு யாரும் பல் கட்டவில்லை. உதவிக்கு நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

பிறகு கண்ணாடியைக் கொடுத்தார்கள். என் மகள் பார்த்தாள். சிரித்தாள். மறுபடியும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

அழகாக இருந்தாள். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். அழகாக இருந்ததுதான் எனக்கு அதிகக் கோபம். அசிங்கமாக இருந்திருந்தால் என் வேலை லேசாகப் போயிருக்கும்.

"பாத்தியாளா?" என்றார் என் வீட்டுக்காரர். "முத்து கோத்த மாதிரி இருக்கு."

"இதைக் கொஞ்ச நாள் போட்டுட்டே இருங்க. வீட்டுல எல்லாரும் பாக்கட்டும். புடிச்சிருந்தா அடுத்த சிட்டிங்ல தேய்ச்சு அளவெடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் பல்லோடு சிரித்து மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் படம் அனுப்பினாள். உடனே இதயம் இதயமாகப் பதில் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் பார்த்துவிட்டு நடிகை மாதிரி இருக்கிறாய் என்றார்கள். எந்த நடிகை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்தது. அதை நான் முன்னால் எங்கோ பார்த்திருக்கிறேன். என் மகள் முகத்தில் அது வந்து வந்து போகும்போதெல்லாம், தெரிந்த ஆள் ஒருத்தி நம் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. மகளுடைய சிரிப்பும் குறைந்துபோனது. ஒட்டியது உடைந்துவிடும் என்று அளவாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அது யார் சிரிப்பு என்று நாலு நாள் கழித்துத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய குடும்பப் படங்கள் என் வீட்டுக்காரரின் போனில் இருந்தன. மாப்பிள்ளையின் தங்கை கல்யாணப் படம் ஒன்று. மாலையும் கழுத்துமாக அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே நீளம், அதே வளைவு, ஓரப்பல் முனையில் அதே உருட்டு. என் மகளுக்கு ஒட்டுப்போட்ட மறுநாள் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூக்குக்கு மேலே இரண்டு பேர். மூக்குக்குக் கீழே ஒருத்தி.

"இங்கேருங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். "இந்தப் பல்லு அவிய மக பல்லாக்கும்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஒனக்குக் கிறுக்கா? பல்லுன்னா எல்லாம் பல்லு மாதிரிதான் இருக்கும்."

"அப்படியே அச்சா இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போட்டும். நல்லாத்தான இருக்கு? நீ வாயத் தொறந்து காரியத்தக் கெடுத்துராத. கப்பல் மாப்பிள்ளை இன்னொருக்க வருவானா?"

வாய் திறக்காதவளைப் பார்த்து வாய் திறக்காதே என்றார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய லட்சணம் அது.

மகளிடம் சொல்லப் போனேன். அவள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அந்தப் பல்லு..."

"எம்மா, ஆரம்பிக்காத. ஒனக்கு எதுதான் புடிச்சிருக்கு? அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையப் புடிக்கல. வீட்டுக்கு அடிச்ச பெயின்டப் புடிக்கல. நான் வேலைக்குப் போறதப் புடிக்கல. ஒரு நாளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லேன்."

ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பு லாரி ஒன்று தார்ப்பாய் பறக்கப் போனது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் பிடிக்காதுதான். ஆனால் பிடிக்காததில் ஒன்றிரண்டு உண்மையாகவே கெட்டதாக இருக்கும். அதைப் பிரித்துக் காட்ட எனக்கு வாய் இல்லை.

தேய்க்கிற நாள் வந்தது. நானும் அவளும் மட்டும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே சேலையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மூலை ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

டாக்டர் என் மகளை நாற்காலியில் சாய்த்தார். முதலில் ஒட்டின பல்லை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பிளாஸ்டிக் கவ்வியை மாட்டி உதட்டை விரித்தார். தட்டில் ஊசி இருந்தது. சின்னச் சின்னத் துரப்பண முனைகள் வரிசையாக இருந்தன. அப்போது அவருடைய போன் அடித்தது. வீடியோ அழைப்பு. மாப்பிள்ளையின் அம்மா.

"ஏலே, ஆரம்பிச்சாச்சா?"

"இனிமேதான் அத்தை. பாக்கியளா?" என்று கேட்டுவிட்டு, போனை உதவிக்கு நின்ற பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை என் மகள் வாய்க்கு நேராகப் பிடித்தாள். திறந்து கிடக்கிற வாய். மேலே ஒரு போன். போனுக்குள் அந்த அம்மா, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு.

"கொஞ்சம் கிட்டக் காட்டு பிள்ள. ஆ... அந்த நடுப்பல்லு. எங்க பிள்ளைக்கு இதவிட ஒரு பொடி நீளமோ?"

"இல்ல அத்தை, அதே ஃபைல்தான். நீங்க சொன்ன மாதிரி உங்க பொண்ணோட டிசைனையே வச்சுப் போட்டுட்டேன். கலரும் அதே ஷேடு."

"அப்பம் சரி. ரெண்டும் சேந்து நின்னா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கணும்லே. ஆல்பத்துல அம்சமா இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, ஒன் கைராசி கைராசிதான்."

சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டார். இங்கே நகைக் கடையில் அப்படித்தான் கேட்போம். அவள் போட்டிருக்கிற அதே மாடல் எனக்கும் ஒன்று. தையல்காரியிடமும் அப்படித்தான். பல்லையும் அப்படிக் கேட்டால் கொடுத்துவிடுகிற ஒரு டாக்டரும் இருக்கிறார், சொந்தத்துக்குள்ளேயே. அவ்வளவு கோடு போட்டாரே, கண்ணுக்கு ஒன்று மூக்குக்கு ஒன்று என்று, அதெல்லாம் என்னத்துக்கு?

என் மகள் "ஆ... ஆ..." என்றாள்.

"ஒரு நிமிஷம், அசையாதீங்க" என்றார் டாக்டர்.

எச்சில் ஊறுகிறது என்று நினைத்து, அந்தப் பெண் ஒரு குழாயை வாய்க்குள் விட்டாள். அது கொரகொரவென்று உறிஞ்சியது. மகள் மறுபடியும் ஏதோ சொன்னாள். குழாய் அதையும் உறிஞ்சிக்கொண்டது. அவள் கண் அங்கேயும் இங்கேயும் ஓடி, மூலைக்கு வந்து என் மேல் நின்றது.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

"அதைக் கழத்துங்க" என்றேன்.

ஏசி சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்றேன். ஸ்டூல் பின்னால் விழுந்தது. அது நல்ல சத்தம் போட்டது.

"அதைக் கழத்துங்க. பிள்ளை என்னமோ சொல்லுதா."

"அம்மா, நீங்க வெளிய..."

"கழத்துங்கேன்லா."

போனுக்குள்ளிருந்து, "யாரு அது? மதினியா?" என்று கேட்டது.

டாக்டர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கவ்வியைக் கழற்றினாள். அவள் யாரைக் கேட்டும் செய்யவில்லை, அப்படியே கழற்றினாள். அந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்தான்.

என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். உதட்டோரம் சிவந்திருந்தது. புறங்கையால் துடைத்தாள்.

"டாக்டர், இது யாரு பல்லு?"

"அப்படி இல்லம்மா. அது ஒரு டெம்ப்ளேட் மாதிரி. உங்க ஃபேஸுக்குக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான்..."

"யாரு பல்லுன்னு கேட்டேன்."

அவர் போனைப் பார்த்தார். போன்தான் பதில் சொன்னது. "எங்க பிள்ளைக்குச் செஞ்ச மாதிரிதான் மக்கா. அதுல என்ன தப்பு? அவளுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல அத்தை. இத்தனை நாளா கண்ணாடியில நான் பாத்து பாத்துச் சந்தோசப்பட்டது அவளத்தான்னு எனக்கு இப்பதான் தெரியுது."

"ஏ பிள்ள, கோவப்படாத. அழகா இருக்கணும்னுதான..."

"இருக்கட்டும் அத்தை. அது ஒண்ணு ஒங்க வீட்டுலயே இருக்குல்லா. இன்னொண்ணு என்னத்துக்கு?"

"இப்பமே இம்புட்டுப் பேச்சா? வீட்டுக்கு வந்தா என்ன பேசுவ?"

"வந்தாத்தான?"

போன் இருண்டது. டாக்டருக்கு அப்போதும் தன் தப்பு என்ன என்று விளங்கவில்லை. "டிசைன் பெர்ஃபெக்டா இருக்கும்மா. புரொபோர்ஷன் எல்லாம் கரெக்ட். வேணும்னா நடுப்பல் ரெண்டையும் மட்டும் கொஞ்சம் மாத்திக்கலாம்" என்றார். வெண்டைக்காய் முற்றல் என்றால் வேறு கூடையைக் காட்டுகிற மாதிரி. நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினோம். விழுந்த ஸ்டூலை எடுத்து வைக்க எனக்குத் தோன்றியது. வைக்கவில்லை.

ஆட்டோவில் மகள் என்னிடம் நன்றாக நாலு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன்.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?" என்றாள்.

"படத்துல பாத்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ விடல."

"விடலன்னா விட்டுருவியா? ஊசி கைக்கு வாரவரைக்கும் இருந்து வேடிக்க பாப்பியா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டின குரல் பழைய குரலாக இருந்தது.

அன்று சாயங்காலம் வாஷ்பேசின் முன்னால் நின்று, ஒட்டியிருந்ததை நகத்தால் நெம்பி நெம்பி உரித்தாள். சில்லுச் சில்லாக வந்தது. கடைசியாகத் தெத்துப்பல் மேல் இருந்தது போகவில்லை. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். உள்ளே எட்டுப் பல்லும் அப்படியே இருந்தன, கோணலும் மஞ்சளுமாக. அவள் அவற்றைப் பார்த்து ஒன்றும் மகிழவில்லை. "இதுவும் அசிங்கமாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு அது அடித்த மாதிரி இருந்தது.

வரன் போய்விட்டது. தரகர் வந்து, "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகம்னு சொல்லுதாவ அண்ணாச்சி" என்று கடையில் வைத்தே சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் தம்ளரைத் தட்டுவார். நான் உப்பு வைக்கவில்லை. கப்பலிலிருந்து மாப்பிள்ளை என் மகளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். பல் தனக்கு முக்கியமில்லை என்றும், அம்மா மனது நோகாமல் நடந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். நல்ல பிள்ளைதான். நடுக்கடலில் இருந்துகொண்டு அம்மாவுக்குக் குடை பிடிக்கிறார். மகள் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "இவன் பல்லையும் அவிய அம்மாதான் விளக்கி விடுவாவ போல" என்றாள்.

இத்தோடு பல் பேச்சு முடிந்தது என்று இருந்தேன். முடியவில்லை. மழைக்காலம் கழிந்த பிறகு ஒரு நாள் அவளாகவே வேறொரு பல் டாக்டரிடம் போனாள். என்னையும் கூட்டிப் போனாள், எதற்கென்று தெரியவில்லை. இந்தத் தடவை பெண் டாக்டர். இடம் சின்னது, டிவி இல்லை. எனக்கு அந்த அம்மாவையும் பிடிக்கவில்லை. அவரும் போட்டோ எடுத்தார். அவரும் ஸ்கேல் வைத்து அளந்தார். ஆனால் அளப்பதற்கு முன்னால், "உங்க பல்லுல உங்களுக்கு எது புடிக்கல?" என்று கேட்டார்.

என் மகள் உடனே சொல்லிவிட்டாள். "இந்த நடுப்பல்லு ஏறி நிக்கது. அது மட்டும்."

"தெத்துப்பல்?"

"அது இருக்கட்டும்."

"சிரிக்கும்போது ஈறு தெரியுதே, அது?"

"தெரியட்டும் டாக்டர்."

பல்லைத் தேய்க்காமல், கம்பி கட்டி இழுத்து நேராக்கலாம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், வலிக்கும், அலைய வேண்டியிருக்கும் என்றார் அந்த டாக்டர். மகள் சரி என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபத்தெட்டு வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய் நிறையக் கம்பி. அந்தக் கம்பியைக் காட்டிக்கொண்டு பழையபடி சத்தமாகச் சிரிக்கிறாள். சோற்றுப் பருக்கை மாட்டிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் பல் விளக்குகிறாள். போன வாரம் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வரன் கேட்டார்கள். கம்பி கழற்றும்வரை தள்ளிப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் என்னிடம் குசுகுசுத்தார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து, "கம்பியோடதான்ப்பா இருப்பேன், வாரவுக வரட்டும்" என்று சத்தம் வந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை கம்பியை முறுக்குவார்கள். முறுக்கிய அன்றைக்கு அவளால் சோறு மெல்ல முடியாது. நேற்று முறுக்கிவிட்டு வந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர். எனக்குத் தாங்கவில்லை. தாங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

"நல்லா கெடந்த பல்லு. இப்படி வலிய வாங்கிட்டு வந்து நிக்க. யாருளா ஒன்னையப் போடச் சொன்னா?"

"நான்தான்" என்றாள்.

அவளுக்கு நொய்க்கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.